ஹல்வார் கையிலிருக்கும் சுவர்

சுவர் நகர மறுத்தது. தோருன் மவுஸை இன்னொரு முறை அழுத்தி இழுத்தாள். திரையில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று எழுந்து பணிவாகச் சொன்னது: இந்தச் சுவர் இப்போது ஹல்வாரின் கையில் இருக்கிறது. அவர் விட்டால்தான் நீங்கள் தொட முடியும். அவரிடம் கேட்கவா?

ஜன்னலுக்கு வெளியே நண்பகல். சூரியன் ஊரைவிட்டுப் போய் வாரங்கள் ஆகியிருந்தன. வட துருவ வட்டத்துக்கு மேலே இருக்கும் த்ரோம்சோவின் துறைமுகமும் பாலமும் அதற்கப்பால் மலையும் ஒரே நீலத்தில் ஊறிக் கிடந்தன. படகுக்காரர்கள் கயிறும் சங்கிலியும் வாங்கும் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது அவர்கள் அலுவலகம். கதவில் இரண்டு பேருடைய பெயரும் இருக்கும். தோருன், ஹல்வார். கணவன் மனைவி, இருவரும் கட்டடக் கலைஞர்கள். அதில் ஹல்வார் அலுவலகப் படியேறி ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது.

ஒரே கட்டடத்தைப் பல பேர் ஒரே சமயத்தில் வரையும்போது இப்படி ஓர் ஏற்பாடு உண்டு. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரிதான். ஒருவர் ஒரு சுவரை எடுத்தால் அது அவர் பெயரில் நிற்கும். வேலை முடிந்து அவர் திருப்பிக் கொடுக்கும்வரை மற்றவர்கள் பார்க்கலாம், தொடக் கூடாது. அதில் விநோதம் எதுவும் இல்லை. ஹல்வாரின் பெயர் வந்ததிலும் விநோதம் இல்லை. அந்தப் பெயரில் உட்கார்ந்து வேலை பார்ப்பவள் ஓசெ. அலுவலகத்தில் தோருனைத் தவிர இருந்த ஒரே ஆள். ஆனால் ஓசெ இன்று வரவில்லை. தோருன் அவளுக்கு ஃபோன் செய்தாள்.

"எப்படி இருக்கான் குட்டி?"

"வாந்தி நின்னுடுச்சு. இப்ப என் தலையில ஏறி உட்கார்ந்திருக்கான். என்ன தோருன், ஏதாச்சும் அவசரமா?"

"க்வாலோயா வீடுகள்ல ஒரு சுவரைப் பிடிச்சு வச்சுட்டுப் போயிட்ட போல."

"நானா? வெள்ளிக்கிழமையே எல்லாத்தையும் திருப்பிக் கொடுத்துட்டேனே. அதுவும் அந்தக் கடைசி வீட்டுப் பக்கம் நான் போகவே இல்ல."

"கடைசி வீடுன்னு நான் சொல்லவே இல்லையே."

மறுமுனையில் குழந்தை சிணுங்கியது. ஓசெ அவனைத் தட்டிக்கொடுத்துவிட்டுச் சொன்னாள். "போன வாரமே பார்த்தேன். நீங்க ஏதோ யோசனைல வரையறீங்கன்னு நினைச்சு விட்டுட்டேன். அந்த ரூம் உங்களோடது இல்லையா?"

"எந்த ரூம்?" என்றாள் தோருன்.

க்வாலோயா தீவில் கடலைப் பார்த்து வரிசையாக எட்டு வீடுகள். ஓர் ஒப்பந்தக்காரருக்காக வரைந்துகொண்டிருந்தார்கள். தோருன் திரையில் கடைசி வீட்டின் கூரையைக் கழற்றிவிட்டு மேலிருந்து பார்த்தாள். மாடிப்படிக்கும் தெற்குச் சுவருக்கும் நடுவில், சாமான்கள் வைக்க விட்டிருந்த இடத்தில், ஓர் அறை நின்றது. சின்ன அறை. கடலைப் பார்த்து ஒரு ஜன்னல். ஜன்னலடியில் உட்கார ஒரு திண்டு. நான்கு சுவர்களும் மூலைகளில் ஒன்றையொன்று தழுவிய விதம் அச்சாக ஹல்வாருடையது. இப்படி மூலை சேர்க்க அவன் யாருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஜன்னல் வழக்கத்தைவிடத் தாழ்வாக இருந்தது. உட்கார்ந்தவர்களுக்குத்தான் ஜன்னல், நிற்பவர்களுக்குக் கதவு இருக்கிறது என்பான் அவன்.

ஆனால் அந்த அறைக்குக் கதவு இல்லை. நான்கு பக்கமும் சுவர்.

ஓசெ எப்படி ஹல்வார் ஆனாள் என்பது தனிக் கதை. ஒரு காலத்தில் இந்த சாஃப்ட்வேரைக் கடையில் பெட்டியாக வாங்கலாம். காசு கொடுத்தோம், நம்முடையது. பிறகு கம்பெனி விற்பதை நிறுத்தியது; இனி வாடகை மட்டும்தான் என்றது. முதலில் ஒரு வாடகையில் இரண்டு பேர் மாறி மாறி உட்காரலாம் என்று இருந்தது. அதையும் எடுத்துவிட்டு, ஆளுக்கொரு பெயர், பெயருக்கொரு வாடகை என்றது. வருடா வருடம் வாடகை ஏறியது. பெரிய ஊர்களில் முந்நூறு பேர் வேலை செய்யும் அலுவலகங்களே கூடிப் புலம்பின என்று தோருன் கேள்விப்பட்டிருந்தாள். புலம்பி என்ன? பொறியாளரும் அதில்தான் வரைகிறார், ஒப்பந்தக்காரரும் அதில்தான் கேட்கிறார், கல்லூரியில் பிள்ளைகளும் அதில்தான் படித்துவிட்டு வருகிறார்கள். ஊரில் ஒரே ஒரு கிணறு இருந்தால் கிணற்றுக்காரன் சொன்னதுதான் தண்ணீரின் விலை.

மூன்று பெயர்களில் ஒன்றைக் குறைத்தே ஆக வேண்டும் என்ற நிலை இரண்டு குளிர்காலங்களுக்கு முன்பு வந்தது. அப்போது ஹல்வாருக்கு மறதி ஆரம்பித்திருந்தது. இந்த ஊரிலுள்ள வீடுகளில் பாதியை வரைந்தவன், தன் வீட்டில் கழிப்பறை எந்தப் பக்கம் என்று தெரியாமல் கூடத்தில் நின்று அழுதான். தோருன் கணினியில் அவன் பெயரைத் தேர்ந்தெடுத்தாள். ஹல்வாரை நீக்கிவிடவா என்று திரை கேட்டது. அவளால் முடியவில்லை. அந்த நேரம் பேறுகால விடுப்பில் இருந்த ஓசெயின் பெயரை நீக்கினாள். ஓசெ திரும்பி வந்தபோது தோருன் தலைகுனிந்து உண்மையைச் சொன்னாள்.

"அதுக்கென்ன, நான் ஹல்வாராவே இருந்துட்டுப் போறேன்" என்று சிரித்தாள் ஓசெ. "தாடிதான் வளர மாட்டேங்குது. முயற்சி பண்றேன்."

அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. விதிக்குப் புறம்பானது என்று இருவருக்கும் தெரியும்.

மறுநாள் ஓசெ வந்தாள். பனியில் வழுக்காமலிருக்கக் காலணியில் மாட்டியிருந்த இரும்பு முட்களைக் கழற்றி வாசலில் வைத்தாள், தெர்மாஸிலிருந்து காபி ஊற்றிக்கொண்டாள், தோருன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள். கடைசி வீட்டைத் திறந்தார்கள். திண்டின் மேல் இப்போது ஓர் அலமாரி இருந்தது. நேற்று இல்லை.

"சரி, நான்தானே ஹல்வார்? நானே விடுவிச்சுடறேன்" என்று ஓசெ தன் மேசைக்குப் போய் அவன் பெயரில் உள்ளே நுழைந்தாள். சுவரைத் தொட்டாள். சாம்பல் பெட்டி எழுந்தது. இந்தச் சுவர் ஹல்வாரின் கையில் இருக்கிறது.

"என்ன சொல்லுது?" என்றாள் தோருன்.

"நான் ஹல்வார் இல்லன்னு சொல்லுது."

ஓசெ சிரிக்கத்தான் செய்தாள். ஆனால் கையை மவுஸிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதே பெயரில் வேறொரு இடத்திலிருந்து யாரோ திறந்து வைத்திருந்தால் இப்படி வரும் என்று விளக்கினாள். வீட்டில் ஹல்வாரின் மடிக்கணினி இருக்குமே? இல்லை; மின்சார அடுப்புக்குள் அதை வைத்து மூடியிருந்தான் ஒரு நாள், அன்றே தோருன் இங்கே கொண்டுவந்துவிட்டாள். அலுவலக அலமாரியைத் திறந்து பார்த்தார்கள். அட்டையில் செய்த பழைய மாதிரி வீட்டுக் கூரைகளுக்கு நடுவில் அது கிடந்தது. உயிரில்லை. தொட்டால் ஜன்னல் கண்ணாடி போலச் சில்லென்றது.

தோருன் வீட்டுக்கு ஃபோன் போட்டாள். பகலில் ஹல்வாரைப் பார்த்துக்கொள்வது அவன் அக்கா பெர்க்லியோத். மீன் தொழிற்சாலையில் முப்பது வருடம் நின்றே வேலை செய்தவள். அவள் வாயிலிருந்து வரும் வார்த்தைகளுக்கு அந்தத் தொழிற்சாலைதான் பள்ளிக்கூடம்.

"என்ன பண்றாரு?"

"யாரு, உன் மகாராஜாவா? உருளைக்கிழங்கு உரிக்கிறான். ஒண்ணையே உரிச்சு உரிச்சு கோலிக்குண்டு ஆக்கிட்டான். ஏன்டி, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. சும்மாதான்."

அந்த வாரக் கடைசியில் கம்பெனியிலிருந்து ஒருவன் அழைத்தான். இனிமையான குரல், ஸ்வீடிஷ் பேசினான். ஒப்பந்தம் சூரிய நாளன்று நண்பகலோடு முடிகிறது என்று நினைவுபடுத்தினான். சூரிய நாள் என்று அவன் சொல்லவில்லை, தேதியைத்தான் சொன்னான். இங்குள்ளவர்களுக்கு அந்தத் தேதிக்கு வேறு பெயர் கிடையாது. இரண்டு மாதம் மலைக்குப் பின்னால் இருந்த சூரியன் எட்டிப் பார்க்கும் நாள். பள்ளிக்கு விடுமுறை விடுவார்கள், ஊரே ஜாம் வைத்த பன்னுக்காக பேக்கரி வாசலில் நிற்கும்.

வாடகை இந்த முறையும் ஏறியிருந்தது. மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கையெழுத்துப் போட்டால் ஏற்றம் கொஞ்சம் குறையும் என்றான்.

"போடலன்னா?" என்று கேட்டாள் தோருன். "எங்க பழைய வரைபடமெல்லாம்?"

"அது உங்களோடதுதான் மேடம். எப்பவும் உங்களோடதுதான். திறக்கறதுக்கு மட்டும்தான் நாங்க வேணும்."

அவன் சூழ்நிலையை லேசாக்க விரும்பினான் போலும்.

"உங்க சின்ன ஆபீஸ்ல இவ்வளவு உழைக்கிறவரைப் பார்க்கவே சந்தோஷமா இருக்கு. ஹல்வாரைச் சொல்றேன். தினமும் உச்சிவேளைல உள்ள வந்துடறார். கிறிஸ்துமஸ் அன்னைக்குக்கூட. ஒரு பேர்ல ஒரே ஆள்தானே மேடம் உட்காருறாங்க? கேட்கணும், அதான் கேட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

கிறிஸ்துமஸ் அன்று ஓசெ ஊரிலேயே இல்லை. போதோவில் அம்மா வீட்டில் இருந்தாள். அலுவலகம் பூட்டிக் கிடந்தது. அந்த உச்சிவேளையில் ஹல்வார் வீட்டில், இலைமாலை வைத்த மேசையில், தோருனுக்கு எதிரில் உட்கார்ந்து ஆட்டுக்கறியின் எலும்பை அதிசயமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரே ஆள்தான்" என்றாள் தோருன். அதைச் சொல்லும்போது பொய் சொல்வதாக அவளுக்குத் தோன்றவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

ஓசெ இன்னொரு வழியைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். வேறொரு சாஃப்ட்வேர், ஒரு சின்னக் கூட்டம் எழுதியது. வாடகை மூன்றில் ஒரு பங்குகூட வராது. மாதக்கணக்கில் வீட்டில் இரவல் பிரதியை வைத்துப் பழகியிருந்தாள். பழைய ஒரு பள்ளிக் கட்டடத்தை அதற்குள் கொண்டுவந்து தோருனிடம் காட்டினாள். பள்ளி அப்படியேதான் தெரிந்தது. ஆனால் ஒரு கதவைத் தொட்டால் அது கதவு என்று சொல்லவில்லை. பொருள் என்று சொன்னது. சுவரும் பொருள், படியும் பொருள். கதவை நகர்த்தினால் சுவரில் ஓட்டை அதே இடத்தில் நின்றது. முன்பெல்லாம் சுவரை இழுத்தால் கதவும் கூடவே வரும், கூரை தானாக நீளும். ஒன்றுக்கொன்று உறவு தெரியும்.

"உருவம் அப்படியே வந்துடும்" என்றாள் ஓசெ. "தான் யாருங்கறதுதான் அதுக்கு மறந்து போயிடும். கதவுக்குத் தான் கதவுன்னு..." சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். முகம் சிவந்தது. "மன்னிச்சுக்கங்க. நான் அந்த அர்த்தத்துல..."

"தெரியும்மா" என்றாள் தோருன். காலையில் ஹல்வார் முள்கரண்டியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு அதால் தலை வாரிக்கொண்டது அவள் கண்ணில் நின்றது.

ஓசெ திரையில் பள்ளியை மூடிவிட்டுத் திரும்பவும் பேசினாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய அலுவலகத்தில் அவளைக் கூப்பிடுகிறார்கள். அங்கே அவளுக்கு அவள் பெயரிலேயே இடம் கொடுப்பார்கள்.

"போகணும்னு ஆசை இல்ல தோருன். ஆனா ரெண்டு வருஷமா நான் வரைஞ்சது எதுலயும் என் பேரு இல்ல. அதுவாச்சும் பரவால்ல. அந்த ரூமைப் பார்த்ததுல இருந்து அந்தப் பேர்ல உள்ள போகவே பயமா இருக்கு. யாரோ உட்கார்ந்திருக்கற நாற்காலில போய் உட்காருற மாதிரி."

தோருன் தலையாட்டினாள். இரண்டு பெயருக்கு மேல் வாடகை கட்ட அலுவலகத்தால் முடியாது. ஒன்று தன்னுடையது. இன்னொன்று ஹல்வாருடையதா, ஓசெயுடையதா? இரண்டு வருடம் முன்பு அதே கேள்விக்கு அவள் சொன்ன பதில் தவறு என்று தெரிந்திருந்தது. தெரிந்தும் அதே பதில்தான் இப்போதும் நாக்கு நுனியில் இருந்தது.

அன்று அவள் சீக்கிரமே வீட்டுக்குக் கிளம்பினாள். நீலம் இன்னும் முழுதாகக் கறுக்கவில்லை. வாசலில் காலணியைக் கழற்றும்போது உள்ளே பெர்க்லியோத் யாரையோ திட்டுவது கேட்டது. கூடத்தில் அவள் காபித் தட்டை ஏந்திச் சமையலறைப் பக்கமிருந்து ஜன்னலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். நேராகப் போகவில்லை. பாதி வழியில் இடப்பக்கம் திரும்பி, வெறும் தரையைச் சுற்றிக்கொண்டு போனாள்.

"ஏன் அப்படிப் போறீங்க?" என்றாள் தோருன்.

பெர்க்லியோத் நின்றாள். தான் நின்ற இடத்தைப் பார்த்தாள். "அடச் சனியனே" என்றாள். "இவனால எனக்கும் பழகிடுச்சு. கிறிஸ்துமஸ்ல இருந்து இவன் இப்படித்தான் சுத்திச் சுத்திப் போறான். நடுவுல போனா கத்தறான். நானும் எதுக்கு வம்புன்னு... இப்பப் பாரு, தனியா இருக்கறப்பகூட என் காலு சுத்திக்கிட்டுத்தான் போகுது. உன் புருஷனுக்கும் நாத்தனாருக்கும் சேர்த்து ஒரே ஆஸ்பத்திரியாப் பாரு."

ஹல்வார் ஜன்னலடியில் உட்கார்ந்திருந்தான். எழுந்தான். சுவரோரமாக ஒரு கையைக் காற்றில் தடவியபடி நடந்தான், நின்றான், திரும்பினான், மறுபடி நடந்தான். தோருன் கண்ணாலேயே அளப்பவள். முப்பது வருடப் பழக்கம். அவன் கை தடவிய இடங்களைக் கோடாகச் சேர்த்தால் என்ன வரும் என்று அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பகலெல்லாம் அதைத்தான் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மூலை அதே மூலை. திண்டு இருக்க வேண்டிய இடத்தில் அவன் நாற்காலி.

அவள் இரண்டடி முன்னால் வைத்தாள்.

"அங்க நிக்காத" என்றான் ஹல்வார். பல மாதங்களாகக் கேட்காத குரல். கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஆட்களிடம் பேசும் பழைய குரல். "சுவருக்குள்ள நிக்கற."

அவள் உடல் அவளைக் கேட்காமலே பின்வாங்கியது. பெர்க்லியோத் தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"ஹல்வார்" என்றாள் தோருன். "இதுக்குக் கதவு ஏன் வைக்கல?"

அவன் அவளைப் பார்த்தான். சிறுபிள்ளையிடம் தெரிந்த விஷயத்தைக் கேட்டதுபோலச் சிரித்தான். "கதவு என்னைக்கு நான் வச்சேன்?"

வாஸ்தவம்தான். கல்யாணமான புதிதில், ஒரே மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து முதல் வீட்டை வரைந்தபோதே ஏற்பட்ட வழக்கம் அது. சுவர் அவன், கதவு அவள். வெயிலும் காற்றும் எங்கிருந்து வரும் என்று அவனுக்குத் தெரியும். மனிதர்கள் எங்கிருந்து வருவார்கள் என்று அவளுக்குத்தான் தெரியும் என்பான். நான்கு பக்கமும் மூடி அவள் பக்கம் தள்ளுவான். அவள் ஒரு வாய் காபி குடிக்கும் நேரம் அதைப் பார்த்துவிட்டுப் பென்சிலால் ஓரிடத்தில் திறப்பாள். சண்டை போட்டிருக்கிறார்கள், பேசாமல் இருந்திருக்கிறார்கள், ஒரு வருடம் பிரிந்துகூட இருந்தார்கள். அப்போதும் அவன் வரைபடத்தைத் தபாலில் அனுப்புவான், கதவில்லாமல்.

"உள்ள ரொம்ப நாளா உட்கார்ந்திருக்கேன்" என்றான் ஹல்வார். குரல் மறுபடி தேய்ந்து போயிருந்தது. "நீ எப்ப வருவேன்னு தெரியல."

சூரிய நாள் காலை மேகமில்லாமல் விடிந்தது. விடிந்தது என்றால் நீலம் கொஞ்சம் வெளுத்தது. தெருவில் பிள்ளைகள் மஞ்சள் அட்டைகளை முகத்தில் கட்டிக்கொண்டு ஓடினார்கள். ஓசெ பேக்கரியில் நின்று இரண்டு பை பன் வாங்கி வந்திருந்தாள்; ஒன்று அலுவலகத்துக்கு, ஒன்று ஹல்வாருக்கு. தோருன் அவளுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள்.

"புதுசுல உன் பேரைப் பதிஞ்சுட்டேன்" என்றாள். "உன் பேரு, என் பேரு. இதைப் புதுப்பிக்கல."

ஓசெ பையை மேசையில் வைக்க மறந்து கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். "எஞ்சினியர் குதிப்பாரே."

"குதிக்கட்டும். கூடுதல் மணிக்கு நான் பணம் தர்றேன்னு சொன்னா இறங்கிடுவாரு."

"பழசெல்லாம்? ஹல்வார் வரைஞ்சதெல்லாம்?"

"உருவம் வந்துடும்னு நீதானே சொன்ன."

விடிந்ததிலிருந்தே கோப்புகள் ஒவ்வொன்றாக வெளியேறிக்கொண்டிருந்தன. பள்ளிக்கூடங்கள், படகுக் கொட்டகைகள், ஒரு தேவாலயம், விவாகரத்தில் முடிந்த யார் யாருடைய வீடுகளோ. எல்லாம் தங்களை மறந்து பொருள்களாகி மறுபக்கம் போய்ச் சேர்ந்தன. கடைசியாக க்வாலோயா மிச்சம் இருந்தது. அவள் அதைத் திறந்தாள்.

ஓசெ அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். ஹல்வார் பெயரில் அவள் இன்று உள்ளே நுழையவில்லை. வேறு யாரும் நுழையவும் இல்லை. அறை இருந்தது. திண்டு, அலமாரி, தாழ்ந்த ஜன்னல். தோருன் வீட்டின் உட்பக்கம் பார்த்த சுவரைத் தொட்டாள். சாம்பல் பெட்டி எழுந்தது. இந்தச் சுவர் ஹல்வாரின் கையில் இருக்கிறது. அவரிடம் கேட்கவா?

இத்தனை நாளில் அவள் அதை அழுத்தியதில்லை. யாரிடம் போகும் அந்தக் கேள்வி? இன்று அழுத்தினாள்.

கீழே கடையில் யாரோ சங்கிலியை அளந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கண்ணியாகத் தரையில் விழும் சத்தம். அது நின்றது. பெட்டி மறைந்தது. அதன் இடத்தில் இன்னொரு வரி வந்தது: ஹல்வார் விட்டுவிட்டார்.

ஓசெ தோருனின் தோளைப் பிடித்தாள். விரல்கள் ஸ்வெட்டரைத் தாண்டி அழுந்தின.

கதவை எங்கே வைப்பது? தோருன் கப்பில் ஆறிப்போயிருந்த காபியை ஒரு வாய் குடித்தாள். சமையலறைப் பக்கம்தான். அங்கிருந்துதான் மனிதர்கள் வருவார்கள், குரலும் வாசனையும் அங்கிருந்துதான் வரும். சுவரில் திறந்தாள். கதவை எடுத்தாள், எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று சாஃப்ட்வேர் கேட்டது. உள்ளே திறந்தால் அவன் தாழிட்டுக்கொள்வான். வெளியே திறந்தால் தான் ஒரு நாள் சாத்திவிட்டுப் போய்விடக்கூடும். அவள் கதவையே நீக்கிவிட்டாள். வாசலை மட்டும் விட்டாள். அனுப்பினாள்.

அந்த வீடும் தன்னை மறந்து மறுபக்கம் போய்ச் சேர்ந்தது. சற்று நேரத்தில் திரை அவளை வெளியே அனுப்பிவிட்டுப் பெயர் கேட்டது. ஓசெ புதியதைத் திறந்து, அறை வந்திருக்கிறதா என்று தேட ஆரம்பித்தாள். தோருன் தேடவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு, ஹல்வாருக்கான பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

தெருவெல்லாம் ஆட்கள் தெற்கே முகத்தைத் திருப்பி நின்றிருந்தார்கள். அவள் யாருக்காகவும் நிற்கவில்லை. மேட்டில் வீடு, பனி வழுக்கியது. வாசலில் காலணியைக் கழற்றினாள். கூடத்து வாயிலில் பெர்க்லியோத் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். கையில் துடைக்கும் துணி. வாய் மூடியிருந்தது, அவள் வாய் மூடியிருப்பதைத் தோருன் பார்த்ததே இல்லை.

"உள்ள போகல நான்" என்றாள் மெல்ல. "நீ பாரு."

மலை விளிம்பில் சூரியன் வந்துவிட்டிருந்தது. தெற்கு ஜன்னல் வழியாகச் செம்பு நிற வெயில் தாழ்வாகக் கூடத்துக்குள் விழுந்து, ஹல்வாரின் நாற்காலியையும் அவன் கால்களையும் அவனைச் சுற்றியிருந்த தரையையும் நிரப்பியிருந்தது. அதற்கு மேல் அது வரவில்லை. தரையின் நடுவில், மறைக்க ஒன்றுமே இல்லாத இடத்தில், ஸ்கேல் வைத்து வெட்டியதுபோல நின்றுவிட்டது. கோட்டுக்கு இந்தப் பக்கம் பலகைகள் இருட்டாகவே கிடந்தன.

சமையலறைப் பக்கமாக ஓரிடத்தில் மட்டும், ஓர் ஆள் நுழையும் அகலத்துக்கு, வெயில் வெளியே நீண்டு வந்து தோருனின் காலுறை நுனியைத் தொட்டது. அந்தப் பட்டையின் மறுமுனையில் ஹல்வார் நாற்காலியிலிருந்து எழுந்து, நேற்றுவரை அங்கே இல்லாத திண்டில் ஒருவருக்கு இடம்விட்டு, நகர்ந்து உட்கார்ந்தான்.